வாசலில் கழற்றிவிட்ட ஜெனரேட்டர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் கொடுக்கும் சீசன் வந்தாச்சு. தேர்ட் இயர் மக்கள் கேன்டீனில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து யூடியூப் பார்ப்பதை வைத்தே சொல்லிவிடலாம். நம்ம டிபார்ட்மென்ட்டில் வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு டீம் கொடுக்கிற டைட்டில் ஒன்று உண்டு: 'நடந்தால் மின்சாரம் தரும் காலணி'. இந்த வருஷம் அந்த டீம் நாங்கள்தான். மார்க் நல்லாவே வந்தது. அந்த மார்க் எங்களுக்கு வந்திருக்கக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்ஜாமீன் ஒன்று: எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். மூன்று சுழி, இரண்டு சுழி தப்பாக இருந்தால் எடிட்டோரியல் டீமிடம் சண்டைக்குப் போங்க.

எங்கள் வீடு காவேரிப்பட்டினத்தில். சித்தி வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். வீடு வீடாக நடந்து போய் விவரம் கேட்டு, போனில் ஏற்றுகிற வேலை சித்திக்கு. எந்த ஆபீஸ், என்ன சர்வே என்பதெல்லாம் இங்கே வேண்டாம், போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். காலையில் 8 மணிக்கு டவுன் பஸ் பிடித்தால், 'அள்ளி' என்று முடிகிற இரண்டு மூன்று ஊர்களை நடந்தே முடித்துவிட்டு சாயங்காலம்தான் திரும்புவார். மாந்தோப்பு, வரப்பு, தார் ரோடு, மறுபடியும் மாந்தோப்பு. தோளில் ஒரு பை. அதில் குடை, தண்ணி பாட்டில், நோட்டு, டிபன் பாக்ஸ். கையில் போன்.

அந்தப் போன் மதியம் 2 மணிக்கு மேல் தாங்காது. அதற்கப்புறம் பார்க்கிற வீடுகளின் விவரத்தை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி சார்ஜர் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். பத்து மணி ஆகும், சில நாள் பதினொன்றும் ஆகும். அந்த ராத்திரி வேலைக்கு யாரும் காசு தருவதில்லை.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து டைப் பண்ணிக் கொடுக்கும்போதுதான் அந்த ஐடியா வந்தது. "சித்தி, நீங்க நடக்கிற நடையிலயே போன் சார்ஜ் ஏறுற மாதிரி செருப்பு ஒண்ணு செஞ்சு தர்றேன்." சித்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "செய் பாப்பா. செஞ்சா எனக்கு மட்டுமில்ல, எங்க செட்டுக்கே புண்ணியமா போகும்."

இது சித்தி ஒருத்தரின் கதை இல்லை என்பது அப்போதே தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், சூளகிரி பக்கத்து சாமனப்பள்ளியில். அதிலிருந்து பிரஷர் பார்க்கிற மெஷினும் சுகர் டெஸ்ட் மெஷினும் பையில் போட்டுக்கொண்டு தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கள், காட்டுக்குள் ரோந்து போகிற வனத்துறை வாட்சர்கள், இப்படி நடந்தே வேலை பார்க்கிற எல்லோர் கையிலும் இன்றைக்கு ஏதோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. கால் ஓடுகிறது, பேட்டரி ஓடமாட்டேன் என்கிறது. பிரச்சினை நிஜம். நாங்கள் கண்டுபிடித்த தீர்வில்தான் கோளாறு.

எல்ஈடி எரிந்தது, கை தட்டினார்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் பீசோ டிஸ்க் வாங்கி வந்தோம். மியூசிக்கல் கார்டிலும் பஸ்ஸரிலும் இருக்குமே, பித்தளைத் தட்டு மேல் வெள்ளையாக ஒரு வட்டம், அதுதான். அதை அழுத்தினால் வோல்டேஜ் வரும். ஒரு ஜோடி செருப்பின் அடியில் வரிசையாக ஒட்டி, ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், கடைசியில் எல்ஈடி. ரிவ்யூவில் என் ஃப்ரெண்ட் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எல்ஈடி மின்னியது. எல்லோரும் கை தட்டினார்கள். ரிப்போர்ட்டில் 'மொபைல் போன் சார்ஜ் செய்ய உதவும்' என்று எழுதினோம்.

வைவாவில் எக்ஸ்டெர்னல் பல கேள்விகள் கேட்டார். "போன் எத்தனை மணி நேரத்தில் சார்ஜ் ஆகும்?" என்ற கேள்வி மட்டும் வரவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குப் பதில் தெரியாது. ஏனென்றால் நாங்கள் அந்தக் கணக்கைப் போடவே இல்லை.

வைவா முடிந்தபிறகு, குற்ற உணர்ச்சியில் போட்ட கணக்கு இது.

சித்தி போனில் 5,000 எம்ஏஹெச் பேட்டரி. வோல்டேஜால் பெருக்கினால் சுமார் 19 வாட் அவர். இனி செருப்பு. எம்ஐடி மீடியா லேபில் (நம்ம குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்கா எம்ஐடி) ஷென்க், பாரடிசோ என்ற இரண்டு பேர் ஷூவுக்குள் பீசோ வைத்துப் பார்த்து 2001இல் ஒரு பேப்பர் போட்டார்கள். குதிகாலில் வைத்த பீசோவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த சராசரி பவர் 8.4 மில்லிவாட். வாட் இல்லை மக்களே, மில்லிவாட். இரண்டு காலுக்கும் சேர்த்து 17 என்று வைத்துக்கொள்வோம். சித்தி வீட்டு வாசலில் நிற்கிற நேரம், உட்கார்ந்து எழுதுகிற நேரம் எல்லாம் போக நிஜமாக நடப்பது ஒரு நாளைக்கு 4 மணி நேரம். 19 வாட் அவரை 17 மில்லிவாட்டால் வகுத்தால் சுமார் 1,100 மணி நேரம். நாளைக்கு 4 மணி நேரம் வீதம் ஒன்பது மாசத்துக்கும் மேல். ஒரு குழந்தையே பிறந்துவிடும். அதுவும் வழியில் ஒரு துளி கூட வீணாகாமல், நம்ம எஸ்.பி. ரோடு டிஸ்க் எம்ஐடி டிஸ்க் அளவுக்கு வேலை செய்தால்!

எங்கே போகிறது அவ்வளவு எனர்ஜியும்?

"மனுஷன் நடக்கிறதுல எவ்வளவோ எனர்ஜி வீணா போகுதே" என்று யூடியூபில் சொல்வது முழுப் பொய்யில்லை. 1996இல் தாட் ஸ்டார்னர் என்ற ஆராய்ச்சியாளர் போட்ட ஒரு கணக்கு பிரபலம்: 68 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது குதிகால் 5 சென்டிமீட்டர் இறங்கினால் 67 வாட். நம்மில் பாதிப் பேர் ப்ராஜெக்ட் முன்னுரையில் காப்பி அடிப்பது இந்த மாதிரி எண்ணைத்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் 5 சென்டிமீட்டர் புதைந்தால் எப்படி இருக்கும்? தென்பெண்ணை ஆற்று மணலில் நடந்து பாருங்கள், பத்து நிமிஷத்தில் கெண்டைக்கால் கழன்றுவிடும். கால் நோகாமல் இருக்கவேண்டும் என்றால் சில மில்லிமீட்டர்தான் இறங்கலாம். அதிலேயே முக்கால்வாசிக்கு மேல் கணக்கு காலி. மிச்சத்தில் பீசோ கரண்ட்டாக மாற்றுவது ரொம்பச் சின்ன பங்கு.

மனுஷனிடமிருந்து வாட் கணக்கில் எடுக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்கு விலை உண்டு. தாத்தா சைக்கிளில் டைனமோ இருந்தது ஞாபகம் இருக்கிறதா? 6 வோல்ட், 3 வாட். அதைத் தட்டி டயரில் சாய்த்தவுடன் பெடல் கனக்கும். அந்தக் கனம்தான் 3 வாட்டின் விலை. சோறு சாப்பிட்டுத்தான் அதைக் கட்டவேண்டும். உடம்பு தின்கிற எனர்ஜியில் கால்வாசிக்கு மேல் வேலையாக மாறாது.

இந்தத் துறையில் நிஜமான சாதனைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லவேண்டும். 2005இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம் குழு ஒரு முதுகுப்பை செய்தது. நடக்கும்போது பாரம் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்தில் ஜெனரேட்டர் சுற்றும். அதிகபட்சம் 7.4 வாட். அருமைதான், ஆனால் பையில் ஏற்றியது 20 முதல் 38 கிலோ. 2008இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் டோனலன் குழு முழங்காலில் மாட்டுகிற கருவி செய்தது. காலை முன்னே வீசி நிறுத்தும்போது தசை போடுகிற பிரேக்கைக் கருவி தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஓசூர் ஏதரும் போச்சம்பள்ளி ஓலாவும் ஸ்கூட்டரில் வைக்கிற ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் தத்துவம்தான். இரண்டு காலுக்கும் சேர்த்து சராசரி 5 வாட். எடை, காலுக்கு 1.6 கிலோ.

இப்போது இதைப் பவர் பேங்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கிற 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் சுமார் 200 கிராம், உள்ளே 37 வாட் அவர். முழங்கால் கருவியின் 3.2 கிலோ எடைக்கு 16 பவர் பேங்க் வரும், மொத்தம் 592 வாட் அவர். அதை 5 வாட்டில் தயாரிக்க 118 மணி நேரம் நடக்கவேண்டும். சித்தி நடையில் ஒரு மாசம். அதாவது ஒரு மாசம் தொடர்ந்து ப்ளக்கையே பார்க்காத ஆளுக்குத்தான் அந்த ஜெனரேட்டர் சுமப்பது லாபம். பனிமலையில் காவல் நிற்கிற ராணுவ வீரருக்கு அர்த்தம் இருக்கலாம். சித்தி தினமும் ராத்திரி வீட்டுக்கு வருகிறார்.

"அப்போ சோலார்?" நானும் யோசித்தேன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1,000 வாட் வெளிச்சம் விழுகிறது. ஏ4 பேப்பர் அளவு பேனல், 20 சதவீதத் திறன் என்றால் 12 வாட். செருப்போடு ஒப்பிட்டால் ராஜா. ஆனால் வெயிலுக்கு நேராக அசையாமல் வைத்தால்தான் அந்த 12. பைக்குப் பின்னால் தைத்தால் அது எந்தத் திசையைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. சித்தி குடை விரித்தால் பேனல் மேல் நிழல். மாந்தோப்புக்குள் போனால் சுத்தம். ஓரிடத்தில் உட்காருகிறவர்களுக்கு சோலார் நல்லது. நடக்கிறவர்களுக்கு அவ்வளவு கை கொடுக்காது.

சித்தியோடு ஒரு சனிக்கிழமை

கணக்கு போட்டபிறகும் மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் செருப்பை சித்தி காலில் மாட்டிவிட்டு நானும் கூடவே நடந்தேன்.

முதல் வீடு. சித்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் வெளியே நின்று அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாசம் ப்ராஜெக்ட் பண்ணினோம், மூன்று ரிவ்யூ, ஒரு வைவா. நம்ம ஊரில் யாரும் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு போகமாட்டார்கள் என்பது எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. செருப்பிலிருந்து போனுக்கு வயர் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் வயரைக் கழற்று, செருப்பைக் கழற்று, திரும்பி வந்து மாட்டு. நாலாவது வீட்டில் சித்தி என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து தன் பழைய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களுடையதைக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அன்றைக்கு முழுக்க எங்கள் ஜெனரேட்டரை சித்தி சுமந்தார்.

அந்த ஒரு நாளில் வேறு சிலது கண்ணில் பட்டது. வெயிலில் ஸ்க்ரீன் தெரியவேண்டும் என்று பிரைட்னஸ் எப்போதும் ஃபுல். மலை மறைவில் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும், அப்போதெல்லாம் போன் டவரைத் தேடித் தேடியே சூடாகும். லொகேஷன் நாள் முழுக்க ஆன். போன் வாங்கி நாலு வருஷம், பேட்டரியும் அதே பழசு. எல்லா வீட்டிலும் ப்ளக் இருந்தது, ஆனால் சித்தி ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. "ஒத்த பல்பு எரியிற வீட்ல போய் கரண்ட் குடுங்கன்னு எப்படி பாப்பா கேக்குறது?" என்றார். தவிர, போனை அரைமணி நேரம் ஒரு வீட்டில் விட்டால் அந்த அரைமணி வேலையும் நின்றுபோகும்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் புது பேட்டரி போட்டோம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது ஏரோப்ளேன் மோட், தேவைப்படும்போது மட்டும் லொகேஷன், நிழலில் நின்று டைப் செய்வது என்று பழக்கினேன். கூடவே ஒரு சின்ன பவர் பேங்க். இப்போது சாயங்காலம் பஸ் ஏறும்போதும் போனில் சார்ஜ் இருக்கிறது. பவர் பேங்க்கைப் பாதி நாள் தொடுவதே இல்லையாம்.

இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்றியது. பேட்டரி மாற்றிக் கொடுத்தால் அது ப்ராஜெக்ட் ஆகாதே! நாங்கள் தேடிக்கொண்டிருந்தது டைட்டில். சித்தி அந்த டைட்டிலுக்குக் கிடைத்த முன்னுரை. இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது.

குறைவாகச் சாப்பிடுவதும் இன்ஜினியரிங்தான்

நடையிலிருந்து வரும் பவர் ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. 1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் இருப்பது நம்ம ஓசூரில். ஒரு குவார்ட்ஸ் வாட்ச் ஓட மைக்ரோவாட் கணக்கில் பவர் போதும். எங்கள் தோற்றுப்போன செருப்பின் மில்லிவாட்டில் அப்படி ஆயிரக்கணக்கான வாட்ச் ஓடும். கை அசைவிலேயே ஓடுகிற ஆட்டோமேட்டிக் வாட்ச் பல பத்து வருஷமாக இருக்கிறது. வாட்ச் அவ்வளவு குறைவாகச் சாப்பிடுவதால்தான் கை அசைவு அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெஷினுக்கு ப்ளக் தேவையில்லை, கூட வருகிற பேட்டரியிலேயே ஓடும். கழுதைக் காலில் பீசோ ஒட்டலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. கரண்ட் இல்லாத இடத்துக்குப் போகப்போகிறது என்பதை மனதில் வைத்து மெஷினை டிசைன் செய்தார்கள். சுகர் டெஸ்ட் மெஷினும் அப்படித்தான். ஒரு சின்ன பட்டன் செல்லில் நூற்றுக்கணக்கான டெஸ்ட். பையில் இருக்கிற எல்லாம் சமர்த்து, போன் மட்டும்தான் தீனிப் பண்டாரம். அப்படியென்றால் அந்த ஆப்பை ஆஃப்லைனில் ஓட வைப்பது, டார்க் ஸ்க்ரீன் கொடுப்பது, லொகேஷனைத் தேவைப்படும்போது மட்டும் கேட்பது, இதெல்லாம் சிஎஸ்இ டீமுக்கு அருமையான ப்ராஜெக்ட். என்ன, எல்ஈடி மின்னாது.

"எல்லாரும் உன்னை மாதிரி கணக்கு பார்த்தா ஆராய்ச்சியே நடக்காது" என்று என் டீம்மேட் சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எம்ஐடியில் 8.4 மில்லிவாட் என்று அளந்ததும் ஆராய்ச்சிதான். ஆனால் அவர்கள் அளந்தார்கள், வந்த எண்ணை அப்படியே எழுதினார்கள், அதில் ஓடக்கூடிய சின்ன ரேடியோ டேக் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். போன் சார்ஜ் ஆகும் என்று எழுதவில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் நாள் கணக்கில் சுற்றுகிற வாட்சர்களுக்கு, மர நிழலில் சோலாரும் எடுபடாத இடத்தில், கையால் சுற்றுகிற ஜெனரேட்டர் உதவலாம். அதையும் அவர்களோடு ஒரு நாள் நடந்துபார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை.

டிபார்ட்மென்ட்டுக்கு மூன்றே கோரிக்கை. ஒன்று, பவர் சம்பந்தப்பட்ட எந்த ப்ராஜெக்ட்டுக்கும் ஜீரோத் ரிவ்யூவிலேயே ஒரு பக்கம் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை வாட் அவர் தேவை, எத்தனை கிடைக்கும், எத்தனை கிராம் எடை. இரண்டு, யாருக்காகச் செய்கிறோமோ அவரோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வரவேண்டும், அதற்கு அட்டெண்டன்ஸ் கொடுங்கள். மூன்று, "செய்து பார்த்தோம், ஆகவில்லை, காரணம் இது" என்று நேர்மையாக வருகிற டீமுக்கும் மார்க் போடுங்கள். ஃபெயிலான ப்ராஜெக்ட்டுக்கு மார்க் கிடைக்காது என்ற பயத்தில்தான் எல்லோரும் எல்ஈடியைக் காட்டிவிட்டு ஓடுகிறோம்.

எங்கள் செருப்பு இப்போது லேபில், ஜன்னல் பக்கத்து ரேக்கில் இருக்கிறது. அடுத்த வருஷம் இதே டைட்டில் எடுக்க நினைக்கிற ஜூனியர்ஸ் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். டப்பாவுக்குள் மேலே சொன்ன கணக்கை ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டும் செய்யத் தோன்றினால் செய்யுங்கள். காவேரிப்பட்டினம் வாங்க, சித்தியோடு ஒரு நாள் நடக்கலாம். நிப்பட்டு நான் வாங்கித் தர்றேன்.